சஹனைச் சுற்றி மூன்று கைகள்

எல்லாப் பெயர்களையும் அறிந்தவனின் பெயரால் தொடங்குகிறேன். அவன் அறிந்த ஒரு பெயரைத்தான் நான் ஒளித்தேன்.

சகோதரிகளே, இதற்கு முன்னும் உங்கள் முன்னால் எழும்பி நின்று ஒரு சாட்சி சொன்னேன். வியாழக்கிழமைத் தஃலீம் வகுப்பில், ஸபர் மாதம். உங்களில் பலருக்கு நினைவிருக்கும். எனக்கு மாதக்கணக்கில் மூச்சு இழுப்பு இருந்ததென்றும், கருஞ்சீரகமும் தேனும் துஆவும் அதை எடுத்துப்போட்டன என்றும் சொன்னேன். நீங்கள் மாஷா அல்லாஹ் என்றீர்கள். சிலர் கண்ணைத் துடைத்தீர்கள். கருஞ்சீரகத்தில் குறை இல்லை. துஆவில் குறை இல்லவே இல்லை. குறை என் நாவில் இருந்தது.

எனக்கு வந்தது இழுப்பு அல்ல, காசநோய். சுகம் தந்தவன் அல்லாஹ். அவன் திறந்த வழி, ஆறு மாதம் விழுங்கிய குளிசை. அதை நான் சொல்லவில்லை. அன்று என் பக்கத்தில் முழங்காலோடு முழங்கால் உரச இருந்தவள் என் மூத்த மகள் ஹஸ்னா. அவளும் என்னை நம்பினாள்.

ஆகவே இது இரண்டாவது சாட்சி. முதலாவதைத் திருத்த வந்திருக்கிறது.

இருமல் தொடங்கியது அதற்கு முந்திய ஜமாதுல் அவ்வலில். முதலில் தூசி என்றேன். பிறகு பனி என்றேன். பின்னேரமானால் ஒரு மெல்லிய காய்ச்சல் வரும், விடியும்போது வேர்வையில் தலையணை நனைந்திருக்கும். உடுப்புகள் என் உடம்பை விட்டுத் தள்ளி நின்றன. இரண்டு மாதம் அப்படிப் போனது. அந்த இரண்டு மாதமும் வீட்டின் யன்னல்களைப் பூட்டியே வைத்திருந்தேன். அடுத்த வளவுக்கு என் இருமல் கேட்கக்கூடாது.

ஏன் கேட்கக்கூடாது? ஹஸ்னாவுக்குச் சம்மந்தம் பேசி முடிந்திருந்தது. மாப்பிள்ளை சாய்ந்தமருதில் ஃபோன் திருத்தும் கடை வைத்திருக்கிற ரிஸான். நம் பக்கத்து வழக்கத்தை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நம்மில் பெண் வீட்டை விட்டுப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெட்டியோடு வந்து பெண்ணின் வீட்டில் குடியிருப்பார். பெண்ணைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் வீட்டைத்தான் பார்க்கிறார்கள். காசநோய் கிடக்கிற வீட்டுக்குள் எந்த உம்மா தன் மகனை அனுப்புவாள்? இதுதான் என் கணக்கு. இரவும் பகலும் இந்தக் கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன்.

ரஜபில் என் கணவர் என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றி, தெரிந்த முகம் எதுவும் எதிர்ப்படாத ஓர் ஊரின் கிளினிக்குக்குக் கொண்டுபோனார். சளியைச் சோதித்தார்கள். காசநோய்தான். டொக்டர் நிதானமான மனிசன். "பயப்படாதீங்க, இது சுகமாகிற வருத்தம். குளிசைய மட்டும் விடாமக் குடிக்க வேணும். யன்னலத் திறந்து வைங்க. வீட்டில இரிக்கிற எல்லாரையும் ஒருக்காக் காட்டுங்க. வருத்தம் இல்லாத ஆக்களுக்கும் வராமத் தடுக்கக் குளிசை இரிக்கு" என்றார்.

எல்லாரையும் என்றார். அந்தச் சொல் வீடு வரும்வரை மோட்டார் சைக்கிளின் பின்னால் என்னோடு உட்கார்ந்து வந்தது.

இரண்டு நாளில் எங்கள் பகுதிச் சுகாதாரப் பரிசோதகர், பி.எச்.ஐ., தொடர்பு எடுத்தார். வீட்டுக்கு வர வேண்டாம், என் கணவரின் இரும்புக் கடைக்கு வாருங்கள் என்றேன். அவருடைய மோட்டார் சைக்கிள் எங்கள் கேற்றடியில் நின்றால் ஊர் கேள்வி கேட்கும். கடையின் பின்பக்கம், ஆணிப் பெட்டிகளுக்கு நடுவில், அவர் கொப்பியை விரித்தார்.

"வீட்டில ஆராரு ராத்தா?"

"நானும் இவரும். நாலு வயசில ஒரு மகள், மின்ஹா."

"வேற ஆக்கள்?"

என் கணவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் கண்டேன். கண்டும் வாசலைப் பார்த்தேன்.

"வேற ஆருமில்ல."

கொப்பியில் இரண்டு பெயர்கள் ஏறின. இருபது வயது ஹஸ்னா, நான் இருமிய அறையில் என் பாய்க்குப் பக்கத்துப் பாயில் படுத்த ஹஸ்னா, ஏறவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் அவர் மெல்லக் கேட்டார்: "சொல்லியிரிக்கலாமே புள்ள?" நான் சொன்னேன்: "கல்யாணம் முடியட்டும். மறுகா பாப்பம்." அவர் சண்டை பிடிக்கத் தெரியாத மனிசர். இன்று வரைக்கும் இந்தப் பாவத்தில் தனக்கும் பங்கு கேட்கிறார். நான் கொடுப்பதில்லை.

அவரையும் மின்ஹாவையும் சோதித்தார்கள். நோய் இல்லை. மின்ஹாவுக்குத் தடுப்புக் குளிசை தந்தார்கள். விற்றமின் என்று வீட்டில் சொல்லி, காலையில் பிளேன்ரீயோடு கொடுப்பேன். ஒரு நாள் ஹஸ்னா கையை நீட்டினாள்.

"எனக்கும் ஒண்டு தாங்க உம்மா. நானும் கொஞ்சம் வளந்து பாக்கட்டும்."

"போ புள்ள, இனி வளந்தா மாப்பிள ஏணி வெச்சுத்தான் ஒன்னோட கதைக்கணும்" என்றேன். மூன்று பேரும் சிரித்தோம். அவளுடைய வெறுங்கை இன்னும் என் கண்ணில் நீண்டபடி இருக்கிறது.

ஊரில் காசநோய் என்றால் முதலில் நோயாளியின் சாப்பாட்டுப் பீங்கானைப் பிரிப்பார்கள். நானும் பிரித்தேன். அந்த நோன்பில் மஃரிபுக்கு எல்லாரும் ஒரே சஹனைச் சுற்றி இருந்து, ஒரே பெரிய தட்டில் கைவைத்துச் சாப்பிட, நான் தள்ளி இருந்து தனிப் பீங்கானில் சாப்பிட்டேன். வயிறு சரியில்லை என்று காரணம் வைத்தேன். என் கோப்பையைக் கொதிநீரில் போட்டு எடுத்தேன். எவ்வளவு கவனமான பொம்பிளை நான்! இந்த நோய் பீங்கானில் ஒட்டுவதில்லை, மூச்சில்தான் போகிறது என்று டொக்டர் சொல்லித்தான் இருந்தார். பீங்கானைப் பிரித்தேன். காற்றைப் பிரிக்கவில்லை. யன்னல்கள் பூட்டியே கிடந்தன.

லுஹர் தொழுதுவிட்டு ஒவ்வொரு நாளும் கேட்டேன்: யா சத்தார், மறைப்பவனே, இதை மறைத்துவிடு. மறைந்தது. ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பின் கல்யாணம் நடந்தது. ரிஸான் வந்து குடியேறினார். முஹர்ரமில் என் குளிசைகள் முடிந்தன. ஸபரில் உங்கள் முன்னால் எழும்பி அந்தச் சாட்சியைச் சொன்னேன். கேட்டது கிடைத்ததென்றே எண்ணினேன். ஹஸ்னா பிள்ளைத்தாய்ச்சி ஆனாள்.

அடுத்த ஜமாதுல் அவ்வலில் ஹஸ்னா இருமினாள்.

ஒரு உம்மாவுக்குத் தன் இருமலைத் தெரியாதா? அது என் இருமல். அவளுடைய நெஞ்சிலிருந்து என் சத்தம் வந்தது. அவளோ ஒவ்வொரு காலையும் தேனில் கருஞ்சீரகம் கலந்து நக்கினாள். "உங்களுக்குச் சுகமாக்கின மருந்துதானே உம்மா" என்றாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு தனியார் டிஸ்பென்சரிக்குக் கூட்டிப் போனேன். "வீட்டில ஆருக்கும் காசநோய் இருந்ததா?" என்று அங்கிருந்த டொக்டர் கேட்டார். ஹஸ்னா என்னைத் திரும்பிப் பார்த்தாள், விடை என்னிடம்தான் என்பதுபோல. "இல்ல" என்றேன். சிரப் எழுதித் தந்தார்.

பிறகு ஒரு நாள், அசர் தொழுகைக்குக் கைகால் கழுவி வுழூ செய்யப் பைப்படிக்குப் போனவள் குனிந்து இருமினாள். வெள்ளைச் சீமெந்தில் ஒரு சிவப்புக் கோடு. தண்ணீர் அதை இழுத்துக்கொண்டு போனது. அவள் கவனிக்கவில்லை. நான் கண்டேன்.

அன்று தொழுகைப் பாயில் நெற்றியை வைத்தேன். மறை என்று கேட்க வாய் வரவில்லை. "நான் பூட்டியதை நீ திற. எனக்குத் திறக்கத் தைரியம் இல்லை. என் பிள்ளையைக் காப்பாற்று, என் மானத்தை எடுத்துக்கொள்." இவ்வளவுதான் கேட்டேன். அரபும் வரவில்லை, அழகும் வரவில்லை. சுஜூதில் கிடந்தபடி அழுதேன். அதற்கு முந்திய ஒரு வருடமும் நான் கேட்டவை துஆக்களா, பேரங்களா என்று இன்றும் தெரியவில்லை.

அடுத்த நாள், அதே அசர் நேரம், எங்கள் கேற்றடியில் பி.எச்.ஐ.யின் மோட்டார் சைக்கிள் நின்றது.

கூட ஒரு இளம் டொக்டர் பிள்ளை வந்திருந்தாள். ஊர் காரைதீவு. பல்கலைக்கழகத்துக்காக ஓர் ஆய்வு செய்கிறாளாம். முந்திய வருடம் குளிசை குடித்து முடித்தவர்களின் வீடுகளுக்குப் போய், யார் யார் பரிசோதனைக்கு வராமல் விடுபட்டார்கள் என்று பார்க்கிறாள். எங்கள் வீடும் அவள் பட்டியலில் விழுந்திருந்தது. இருக்கச் சொன்னேன். பெயர் கேட்பாள், இரண்டு பெயரைச் சொல்லி அனுப்பிவிடலாம் என்று என் நாக்கு பழக்கத்தில் தயாரானது. ஆம், அந்தத் துஆவுக்குப் பிறகும்தான்.

அவள் பெயர் கேட்கவில்லை.

"அம்மா, நீங்க வருத்தமா இருந்த நோன்பில, நோன்பு துறந்து சாப்பிடக்குள்ள சஹனச் சுத்தி எத்தின பேர் இருந்த நீங்க?"

அடுப்படிக் கேள்வி. பொம்பிளையின் கை விடை வைத்திருக்கும் கேள்வி. எத்தனை பேருக்குச் சோறு போட்டேன் என்று எந்த உம்மா யோசிப்பாள்?

"சஹன்ல மூணு பேர். நான் புறம்பாப் பீங்கான்ல."

"ஆராரு?"

"இவரு, மின்ஹா, ஹஸ்னா."

சொல்லி முடித்த பிறகுதான் என் காதுக்குக் கேட்டது. பி.எச்.ஐ. பழைய கொப்பியைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. அந்தப் பிள்ளை குரலை உயர்த்தவில்லை. "பட்டியல்ல ரெண்டு பேர்தான் இரிக்கு அம்மா" என்றாள்.

உள்ளறையில் ஹஸ்னா இருமினாள்.

"அதான் ஹஸ்னா" என்றேன். "ரெண்டு மாசமா இருமுறாள். நேத்து ரெத்தம் கண்டன். அவள்ற பேர நான் ஒளிச்சுப்போட்டன்."

வாசலில் ஹஸ்னா நின்றாள், வயிற்றில் கையை வைத்தபடி. "என்ன பட்டியல் உம்மா?"

சகோதரிகளே, அவளுக்கு நான் சொன்னதை இங்கே எழுத முடியவில்லை. அவள் கத்தவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப விற்றமின்?" என்று மட்டும் கேட்டாள்.

அந்த டொக்டர் பிள்ளை எழும்பிப் போய், எங்கள் முன்யன்னலின் கொளுக்கியைக் கழற்றி இரண்டு கதவையும் விரித்தாள். கடல் காற்று வந்தது. போகுமுன் என்னிடம் சொன்னாள்: "நாங்களும் முதல்ல பேர்தான் கேட்டுத் திரிஞ்ச அம்மா. பேர் கேட்டா மனிசர் யோசிக்கிறாங்க. சாப்பாட்டக் கேட்டா யோசிக்கிறல்ல. எங்கட ஊரில மட்டுமில்ல, எத்தினையோ நாட்டில இதே தேடல்தான். மருந்து இரிக்கு. ஆளத்தான் கண்டுபிடிக்கேலாமக் கிடக்கு."

ஹஸ்னாவின் நெஞ்சில் நீர் கட்டியிருந்தது. நீரை எடுத்தார்கள். கிழமைக்கணக்கில் ஆஸ்பத்திரி வாட்டில் இருந்தாள். வயிற்றில் பிள்ளையோடும் குடிக்கலாம் என்று சொல்லிக் குளிசை தொடங்கினார்கள். ரிஸானையும் சோதித்தார்கள். நோய் இல்லை. அவர் என்னைப் பார்த்துச் சொன்னது இவ்வளவுதான்: "மாமி, எது பழுது எண்டு சொல்லாம ஃபோனக் கொண்டு வாற ஆக்களாலதான் எனக்கு வேலை கூட." சிரித்துத்தான் சொன்னார். எனக்குக் குத்தியது.

அவருடைய உம்மா ஓட்டோவில் வந்து இறங்கினா. வாசலிலேயே தொடங்கினா.

"என்னகா மச்சி, இழுப்பெண்டு ஊரெல்லாம் சொன்னாய்? என்ட புள்ளய நல்ல இடத்திலதான் கொண்டு உட்டிரிக்கன்!"

தேத்தண்ணி வைத்துக் கொடுத்தேன். அரைவாசி குடித்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தா. பிறகு குரல் இறங்கியது.

"ரிஸான்ட வாப்பாக்கும் இதுதான்கா வந்த. நீங்க சம்மந்தம் பேச வரக்குள்ள குளிசை ஓடிக்கிட்டிருந்த. நெஞ்செரிவு எண்டு சொல்லி வெச்சன்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். முதலில் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை. ஒரே நோயை இரண்டு பக்கமும் ஒளித்துவைத்து ஒரு கல்யாணம் செய்திருக்கிறோம். ஒருத்தி முதலில் வாய் திறந்திருந்தால் மற்றவள் கிளினிக்குக்கு வழியே காட்டியிருப்பாள்.

அல்லாஹ் என் துஆவுக்கு விடை தந்தான். ஹஸ்னா உயிரோடு இருக்கிறாள். நோன்பின் கடைசிப் பத்தில், குறித்த நாளுக்கு முன்னமே, ஒரு பெண்பிள்ளை பிறந்தது. கையளவு பிள்ளை. அதற்கும் தடுப்பு மருந்து கொடுத்தார்கள். இந்தத் தரம் விற்றமின் என்று சொல்லாமல், மருந்தின் பெயரைச் சொல்லியே கொடுத்தேன். மானத்தை எடுத்துக்கொள் என்று கேட்டேன். எடுத்தான். அது இல்லாமல் நான் இலேசாக நடக்கிறேன்.

ஆனாலும் நான் பிந்திய மாதங்களுக்கு ஒரு விலை இருந்தது. அதைக் கொடுத்தது நான் அல்ல. ஹஸ்னா பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுப்பவள் என்று உங்களுக்குத் தெரியும். நீண்ட ஆயத்தை ஒரே மூச்சில் கொண்டுபோய் இறக்குவாள். இப்போது நடுவில் நிற்கிறாள். மூச்சு எடுக்கிறாள். மீண்டும் தொடங்குகிறாள். இடது நுரையீரலில் தழும்பு, அது இருக்கும் என்றார்கள். அவள் நிற்கும் அந்த இடைவெளி ஒவ்வொன்றிலும் நான் இருக்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. சோறு ஆகிவிட்டது என்றாலும், பிள்ளை தூங்கிவிட்டது என்றாலும், அவள் ஒரு தரம் கேட்கிறாள்: "உண்மையாத்தானா உம்மா?" குத்திக்காட்டக் கேட்பதில்லை. அவளை அறியாமல் வருகிறது. மன்னித்துவிட்டேன் என்று சொல்லியிருக்கிறாள். அந்தக் கேள்வி மட்டும் போகவில்லை.

சகோதரிகளே, துஆக் கேளுங்கள். எனக்குக் கிடைத்ததுபோல உங்களுக்கும் கிடைக்கும். ஆனால் நோயை மறைக்கும்படி அவனிடம் கேட்காதீர்கள். நோய் குற்றமல்ல. நான் குற்றமல்லாததை ஒளித்துத்தான் குற்றம் செய்தேன். இரண்டு கிழமைக்கு மேல் இருமல் கிடந்தால் போய்க் காட்டுங்கள். வீட்டில் யார் யார் என்று கேட்டால், சஹனைச் சுற்றி இருக்கும் ஒவ்வொரு கையையும் நினைத்து எல்லாப் பெயரையும் சொல்லுங்கள். தொழுகைப் பாயை விரிக்கும்போது யன்னலையும் திறந்துவிடுங்கள். அவன் அனுப்பும் உதவி எந்த மோட்டார் சைக்கிளில் வருமோ தெரியாது. கேற்றடியில் நிற்க விடுங்கள்.

இதை எழுதி முடித்து ஹஸ்னாவிடம் கொடுத்தேன். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, நடுவில் இரண்டு இடத்தில் மூச்செடுத்து, சத்தமாக வாசித்தாள். கடைசியில் தாளை மடித்தாள். அந்தக் கேள்விக்காகக் காத்திருந்தேன்.

அவள் கேட்கவில்லை. "என்ட பேர் எத்தின இடத்தில இரிக்கு உம்மா!" என்றாள்.