நான் வெட்டிய கான்

காஸுக்கும் மண்ணெண்ணெய்க்கும் இலங்கையே வரிசையில் நின்ற காலம் எல்லோருக்கும் நினைவிருக்கும். இது அதற்கு அடுத்த வருடம், கந்தப்பளைக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் நடந்தது.

அந்த நெருக்கடியில், தேயிலை செத்துக் காடாகிக் கிடந்த ஒரு சரிவை, மரக்கறி போட்டுக்கொள்ளுங்கள் என்று தோட்ட நிர்வாகம் தன் லயத்து வீடுகளில் இருக்கும் தொழிலாளர்களுக்கு வாய்வார்த்தையாகப் பிரித்துக் கொடுத்தது. எங்கள் பங்குக்கு வந்தது மானாப்புல்லும் கல்லும் தேயிலைக் கட்டையுமாக ஓர் ஓரத் துண்டு. அப்பா இல்லாத வீடு. கொழுந்து பறித்தே அம்மாவின் முழங்கால் தேய்ந்திருந்தது. அதில் போடும் லீக்ஸ் நன்றாக வந்துவிட்டால் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிடலாம் என்பதுதான் அவருக்கு இருந்த ஒரே நம்பிக்கை.

முதல் போகத்தை மழை மண்ணோடு கொண்டுபோனது. நான் அப்போதுதான் தொழில்நுட்பக் கல்லூரியில் படிப்பை முடித்து, நுவரெலியாவில் வீதி வேலையொன்றில் சேர்ந்திருந்தேன். எதையும் ஒழுங்குபடுத்திக்கொண்டு செய்வது என் பழக்கம். முதலில் மட்டம் பார்க்க வேண்டும். பிறகு மழைத் தண்ணீரை ஓரமாகத் திருப்பிவிடச் சரிவுக்குக் குறுக்கே கான் வெட்ட வேண்டும். கடைசியாகக் கானுக்குக் கீழே கல் அடுக்க வேண்டும். மட்டக் கருவிக்கு எங்கே போவது? மூன்று கம்புகளை 'A' வடிவில் கட்டி, நடுவில் நூலில் கல்லைத் தொங்கவிட்டு, அதை ஊன்றி ஊன்றிச் சரிவு முழுக்க நடந்தேன்.

"என்ன மருமகளே, இத்தன வருசம் படிச்சது கம்பு ஊண்டி நடக்கவா?" என்று சிரித்தார், பக்கத்து வீட்டில் இருக்கும் மாமா. அம்மாவின் தம்பி. சிரித்துவிட்டு, ஞாயிறுதோறும் மம்பட்டியோடு முதல் ஆளாக வந்து நின்றதும் அவர்தான். எங்கள் பக்கத்தில் உதவிக்கு வருகிறவர்களுக்குக் கூலி கிடையாது. நக்கிக்கொண்டு குடிக்க உள்ளங்கையில் கொஞ்சம் சீனியும், பாலில்லாத ஒரு கோப்பை சாயத் தேத்தண்ணியும் கொடுப்போம். அந்தக் கணக்கில்தான் கானும் கல்வரிசையும் உருவாயின.

அடுத்த மழையில் ஒரு பிடி மண்கூட இறங்கவில்லை. லீக்ஸ் இலையில் நீலம் பாய்ந்து நிமிர்ந்து நின்றது. இன்னும் சில வாரம் விட்டால் பிடுங்கலாம்.

அன்று நான் லீவில் வந்திருந்தேன். முழங்கால் வலியால் அம்மாவும் வேலைக்குப் போகாமல் என்னோடு பயிர்த் துண்டில் இருந்தார். காலையில் ஆட்களைக் கூட்டும் பெரட்டு முடிந்ததும், வேலைக்குப் பிரித்துவிட்ட ஆட்களில் ஒரு கூட்டம் எங்கள் மரக்கறித் தோட்டத்துக்கு ஏறி வருவது தெரிந்தது. முன்னால் நிர்வாகத்தின் வெளிக்கள உத்தியோகத்தர். கூட்டத்தில் மாமாவும் இருந்தார். அந்தத் துண்டில் தேயிலைக் கன்று நடப்போவதாகவும், அன்றைக்கே காலி செய்ய வேண்டும் என்றும் உத்தியோகத்தர் சொன்னார்.

நான் குரலை உயர்த்தவில்லை. நிலத்தைக் கொடுத்தது நிர்வாகம்தான் என்றேன். பயிர் முற்ற அவகாசம் வேண்டும் என்றேன். மேலே எத்தனையோ மலை காடாகத்தானே கிடக்கிறது, இது மட்டும் ஏன் என்று கேட்டேன்.

"தங்கச்சி, படிச்ச புள்ள நீங்களே இப்படிக் கேக்கலாமா? அந்த மலையில நட்டா கான் வெட்டணும், கல்லுக் கட்டணும். இங்கதான் எல்லாம் ரெடியா இருக்கே. நல்ல வேல. யாரு வெட்டுனது?"

நான் பேச்சை மாற்றப் பார்த்தேன். அதற்குள் அம்மா முந்திக்கொண்டார்.

"எம் மகதாங்க ஐயா."

அந்தக் குரலில் பெருமைதான் இருந்தது. சொல்லி முடித்த பிறகுதான் தான் எதற்குப் பதில் சொன்னோம் என்பது அம்மாவுக்குப் புரிந்தது. அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

மாமா எங்கள் பக்கம் திரும்பவில்லை. குனிந்தபடியே பேசினார்.

"அக்கா, நான் மாட்டேன்னா இன்னிக்குப் பேரு போட மாட்டாங்க, சம்பளமில்ல. வேற ஆள விடுவாங்க. அவன் பயிர மம்பட்டியால கொத்திப்புடுவான்."

அவர் கொத்தவில்லை. ஒவ்வொரு லீக்ஸாக வேரோடு இழுத்து, மண்ணை உதறி, ஈரச் சாக்கில் அடுக்கினார். மற்றவர்களும் அப்படியே செய்தார்கள். அம்மா லயத்துக்கு இறங்கிப் போனார். அழப் போகிறார் என்று நினைத்தேன். கேத்தலோடும் சீனிப் போத்தலோடும் திரும்பி வந்தார்.

"வேணாங்கா" என்றார் மாமா.

"கைய நீட்டுடா. இந்தத் தோட்டத்துல வேல செஞ்ச யாரையும் நான் தேத்தண்ணி குடுக்காம அனுப்புனதில்ல."

ஈர மண் ஒட்டிய கையில் சீனியை வாங்கிக்கொண்டு மாமா அப்படியே நின்றார். சீனி கரைந்து விரலிடுக்கில் வழிந்தது. அவர் வாயில் போடவே இல்லை.

முற்றாத லீக்ஸை எந்தக் கடைக்காரர் வாங்குவார்? பங்கிட்டுக் கொடுத்துவிட்டோம்; அந்த வாரம் லயத்தில் எல்லா வீட்டிலும் லீக்ஸ் கறிதான். எங்கள் வீட்டில் மட்டும் சமைக்கவில்லை.

அம்மா இன்னும் கூடையை இறக்கவில்லை. சில நாள் அந்தத் துண்டிலேயே, தேயிலைக் கன்றுகளுக்கு நடுவே புல் வெட்ட அவரை அனுப்புகிறார்கள். போன மழையில் மேலே மலையில் மண் சரிந்தது; எங்கள் கான் அசையவில்லை. அதை நினைத்துச் சந்தோஷப்பட என்னால் முடியவில்லை. இப்போதெல்லாம் எந்த வேலையைத் தொடங்கினாலும், மட்டம் பார்ப்பதற்கு முன் நிலம் யாருடையது என்று கேட்டுவிடுகிறேன். எங்கள் லயத்தில் மட்டும் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை, அங்கே பதில் எனக்குத் தெரியும்.