ஓட்டுத்துண்டில் எழுதியவர்

சவரிமுத்து சார் காலமான செய்தி, பெல்மதுளைச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றபோது கைபேசியில் வந்தது. எங்கள் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் அவர் அதிபர், நான் ஆசிரியர். அந்தப் பதவி எனக்கு வந்திருக்க வேண்டியது என்ற எண்ணம் இன்றும் போகவில்லை. ஆனாலும் அவரைப் பற்றி எழுத அதிகம் கடமைப்பட்டவன் நான்தான்.

முன்பொருநாள் பழைய சஞ்சிகையொன்றை ஆசிரியர் அறைக்குக் கொண்டுவந்தார். சீனாவின் முதல் சக்கரவர்த்தியின் கல்லறையைச் சுற்றித் தோண்டியெடுத்த சுடுமண் வீரர்கள், குதிரைகள், வெண்கலத் தேர்கள். நாங்கள் படங்களில் மயங்கியிருந்தோம். அவர் விரல் வேறோர் இடத்தில் நின்றது.

"இதப் பாருங்க சார். கல்லறை கட்டுன ஆளுங்களோட குழி. ஒடஞ்ச ஓட்டுல பேரும் ஊரும் கீறிப் பொணத்தோட வச்சிருக்காங்க. ராசாவோட தேரவிட இதுதாங்க பெருசு."

எங்கள் மயானத்தில் கல் நட நிர்வாகம் விடுவதில்லை. அதன்பின் தோட்டத்தில் யார் இறந்தாலும், நிர்வாகியின் பங்களாக் கூரையிலிருந்து விழுந்த உடைந்த ஓட்டில் பெயரையும், குடியிருந்த லய வீட்டு வரிசையையும் ஆணியால் கீறி, குழி மூடுமுன் வைத்தார்.

"ஓட்டு மாஸ்டரே, சீனாக்காரன் எத்தனாம் நம்பர் லயம்?" என்று கேலி செய்தார்கள். நானும் சிரித்தேன்.

பிறகு என் அப்பா மலையில் வேலைசெய்தபோது விழுந்து இறந்தார். ஒரு நாள் வேலையைத் தோட்டத்தில் 'ஒரு பேர்' என்பார்கள். உச்சிவேளையில் விழுந்ததால் அன்று அவருக்கு அரைப் பேர்தான் போட்டார்கள். போட்டவரை நான் மன்னிக்கவில்லை. ஓட்டோடு வந்த சாரிடம், "அரைப் பேருன்னே எழுதுங்க!" என்று எரிந்து விழுந்தேன்.

"சரிங்க சார்" என்றார். எழுதியதை நான் பார்க்கவில்லை. அந்தச் 'சரி'க்காகவே பல ஆண்டுகள் அவரோடு முகம்கொடுத்துப் பேசவில்லை.

பின்னர் மயானத்தில் மாணிக்கக்கல் எடுக்கக் குழி வெட்ட நிர்வாகம் ஆட்களை இறக்கியது. அங்கே யாரையும் புதைத்ததற்கு அடையாளமே இல்லை என்றார்கள். மறிக்கப் போனோம். குழிக்குள் நின்ற சிங்களத் தொழிலாளி ஓர் ஓட்டுத்துண்டை என்னிடம் நீட்டினார்.

"மாத்தயா, மேக்க பலன்ன. இதப் பாருங்க, எழுத்து இருக்கு."

மண்ணைத் துடைத்தேன். 'முத்துக்கருப்பன். மூன்றாம் லயம். முழுப் பேர்.'

என் அப்பா.

அதற்குமேல் தோண்ட மாட்டோம் என்று அந்தத் தொழிலாளர்கள் கரையேறிவிட்டார்கள். வேலை நின்றது. ஓட்டை இருந்த இடத்திலேயே வைத்து மூடிவிட்டு, சார் வீட்டு வாசலில் போய் நின்றேன். "முழுப் பேர்" என்றேன்.

"என்ன சார், எழுத்துப் பிழை ஏதும் விட்டுட்டேனா?" என்றார்.

நேற்று அவருக்குக் குழி வெட்டினோம். மூன்று இடங்களில் மண்வெட்டி ஓட்டில் தட்டியது; மூன்றையும் மூடினோம். நான்காவது இடம் அப்பாவுக்குப் பக்கத்தில் கிடைத்தது.

போய் வாருங்கள், சார். அப்பா அதிகம் பேசமாட்டார். நீங்கள்தான் முதலில் பேச்சுக் கொடுக்க வேண்டும்.