தள்ளியதை நான் காணவில்லை

1. இதை எழுதுபவன் சபாரத்தினம்; கிள்ளான் நகரில் வழக்கறிஞன்; பிரிக்பீல்ட்ஸ் பள்ளி ஒன்றின் நிர்வாகக் குழுவில் முன்பு இருந்தவன்.

2. அப்பள்ளியில் பாலர் வகுப்பு ஆசிரியையாக இருந்த ஞானம்மாளை அறிந்தவர்களுக்காக எழுதுகிறேன். அவர் இறந்த செய்தியை நீதிமன்ற வாசலில் என்னிடம் சொன்னவர் குழுத் தலைவர். "எங்கட டீச்சர் போயிட்டா" என்றார். 'எங்கட' என்னும் அந்த உரிமையை அவர் கொண்டாடி நான் கேட்டது அதுவே முதல் தடவை.

நான் முதன்முதலாக அவர் வகுப்பைப் பார்வையிடச் சென்றபோது, மூலையில் ஒரு சிறுவன் முதுகு காட்டி அமர்ந்திருந்தான். கோபக்காரப் பிள்ளையோ என்று கேட்டேன். "சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கான் ஐயா. நாம கண்டது அவ்வளவுதான். கோபம் நீங்க சேர்த்தது" என்றார் ஞானம்மாள். அருகில் சென்று குனிந்தேன். சுவர் வெடிப்பில் எறும்புகள் சோற்றுப் பருக்கையை இழுத்துக்கொண்டிருந்தன.

பின்னர் ஒருநாள் தலைவரின் மகன் வகுப்பில் விழுந்து நெற்றி உடைந்தது. பக்கத்தில் நின்றவள் ரயில்வே கூலி காத்தாயியின் மகள் செல்வி. அவள் தள்ளினாள் என்று ஆசிரியை எழுதித்தர வேண்டும், செல்வியை நீக்க வேண்டும் என்றது குழு.

"விழுந்த சத்தம் கேட்டுத்தான் திரும்பினேன். தள்ளினதை நான் காணல" என்றார் ஞானம்மாள்.

"தள்ளாமல் பிள்ளை தானாய் விழுமோ? டீச்சருக்குக் கண் பழுதோ?" என்றார் தலைவர். சிலர் சிரித்தனர்.

வெளியே காத்தாயி ஞானம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "தள்ளலன்னாவது சொல்லும்மா."

"அதையும் நான் காணல, காத்தாயி."

செல்வி நீக்கப்பட்டாள், அடுத்து ஆசிரியையும். எதிர்த்த வாக்கு என்னுடையது ஒன்றே. காத்தாயி அவரைத் தெருவில் நின்று ஏசினாள். அதன்பின் ஞானம்மாள் கிள்ளானில் தையல் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தார். குழுவினர் எவரும் அவர் வாசலை மிதித்ததாக நான் அறியேன். அன்று நடந்தது என்னவென்று இன்றும் எனக்குத் தெரியாது.

அடக்கத்தின்போது, அவர் பிள்ளைகளுக்குத் தாயாக விளங்கினார் என்று தலைவர் நெடுநேரம் பேசினார். கூட்டத்துக்கு வெளியே காத்தாயி நின்றாள். "ஒரு பொய் சொல்லியிருந்தா எம்மவ படிச்சிருப்பா" என்றாள் என்னிடம். பிறகு, "ஆனா எம்மவளக் கெட்டவன்னு சொல்லாத வாயி அது ஒண்ணுதான்" என்றாள்.

கண்டதைக் கண்ட அளவில் சொல்வது: ஞானம்மாளிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இதுவே. ஆகவே சொல்கிறேன். தலைவர் மாலை வைத்ததைக் கண்டேன். அவர் வருந்தியதை நான் காணவில்லை.

(ஒப்பம்) சபாரத்தினம்

உடன் நின்று, மாலையை மட்டும் கண்ட சாட்சிகள்:
காத்தாயி (கைநாட்டு)
மரியநாயகம், அப்பள்ளி உதவி ஆசிரியர்