கேட்டில் கட்டிய வேப்பிலை

1. கோடு

ஆவடி சேக்காட்டில் ஓர் ஓட்டு வீட்டை வாடகைக்குப் பிடித்து, முப்பத்தொரு பிள்ளைகளோடு பாலர் பள்ளி தொடங்கிய அன்று நான் முதலில் செய்த வேலை, கேட்டுக்கு உட்புறம் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டது. பெற்றோர் அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. பிள்ளையைக் கோட்டில் விட வேண்டும், மதியம் பன்னிரண்டரைக்குக் கோட்டில் வாங்கிக்கொள்ள வேண்டும். எண்பதுகளின் பின்பாதி அது. எனக்கு வயது இருபத்தாறு. கையில் ஒரு வருட டீச்சர் டிரெயினிங் சர்டிபிகேட். அதை பிரேம் போட்டு வாசலில் மாட்டியிருந்தேன். பள்ளியின் பெயர்ப்பலகையைவிட அது அரை அடி அகலம் அதிகம்.

டிரெயினிங்கில் 'குடும்பமும் பள்ளியும்' என்று ஒரு பாடம் உண்டு. அதில் நான் முதல் மதிப்பெண். அப்படியிருந்தும் கோடு போட்டேன். தாய்மார்கள் உள்ளே வந்தால் பிள்ளைகள் அழும், நான் பாடுவதைக் கேட்டு அவர்கள் சிரிப்பார்கள். உண்மையான காரணம் இரண்டாவதுதான். நான் ஆடிப் பாடினால் பக்கத்து வீட்டு மாடு கயிற்றை இழுக்கும்.

அடுத்தது, மூன்று நாள் விதி. லீவ் லெட்டர் இல்லாமல் மூன்று நாள் வராத பிள்ளையின் பெயர் நீக்கப்படும். காத்திருப்போர் பட்டியலில் உள்ளவருக்கு அந்த இடம் தரப்படும். இதை டைப் அடித்து, சைக்ளோஸ்டைல் எடுத்து, எல்லா வீட்டுக்கும் கொடுத்தேன். காத்திருப்போர் பட்டியலில் அப்போது இருந்தது என் அண்ணன் மகன் ஒருவன்தான். அவனுக்கு வயது ஒன்றரை.

எங்கள் பிள்ளைகளின் அப்பாக்களில் பாதிப்பேர் பாக்டரி ஷிப்டுக்குப் போகிறவர்கள். திருநெல்வேலி, சேலம், தஞ்சாவூர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு ஊர். மீதிப்பேர் கடைவீதிக்காரர்கள், உள்ளூர்க்காரர்கள். ஒரே தெருவில் குடியிருந்தும் ஒருவருக்கொருவர் அதிகம் பேசியதில்லை. என் கோட்டுக்கு வெளியே வந்து நின்றபோதுதான் அந்தத் தாய்மார்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த ஒரு நன்மை மட்டும் கோட்டால் விளைந்தது. அதையும் நான் திட்டமிட்டுச் செய்யவில்லை.

2. சீட்டு

இரண்டாம் வருடம், பங்குனி வெயில் ஏறத் தொடங்கியபோது, பிள்ளைகள் ஒவ்வொருவராக வராமல் போனார்கள். முதலில் இருவர், பிறகு நால்வர். எங்கள் ஆயா முனியம்மாவிடம் கேட்டேன். சேக்காட்டிலேயே பிறந்து வளர்ந்தவள். எந்த வீட்டில் என்ன குழம்பு என்பது வரை அவளுக்குத் தெரியும்.

"இன்னா டீச்சர், ஊருக்குப் போய்கீறாங்க போல," என்றாள், தரையைப் பெருக்கிக்கொண்டே.

"நாலு வீடும் ஒரே நேரத்துலயா?"

"லீவு வுட்டா போமாட்டாங்களா?"

"இப்ப எங்க முனியம்மா லீவு?"

"அத்த அவங்களத்தான் கேக்கணும்."

நான் கேட்கவில்லை. சீட்டு அனுப்பினேன். 'நாளை வராவிட்டால் பெயர் நீக்கப்படும்' என்று சிவப்பு மையில் எழுதி, நான்கு வீட்டுக்கும் முனியம்மாவிடமே கொடுத்தனுப்பினேன். அவள் சீட்டை வாங்கிக்கொண்டு, ஏதோ சொல்ல வந்தவள்போல ஒரு நிமிடம் நின்றாள். "சீக்கிரம் போ," என்றேன்.

மறுநாள் காலை குமரேசன் வந்தான். நாலு வயது. அவன் அம்மா தங்கம் திருநெல்வேலிப் பக்கம். அப்பா பாக்டரியில் பிட்டர். தங்கம் அவனைக் கோட்டில் விட்டுவிட்டு, நான் நிமிர்ந்து பார்ப்பதற்குள் திரும்பி நடந்துவிட்டாள். அவன் முகத்தில் தெருக்கூத்தில் ஆடப் போகிறவன்போலப் பவுடர் அப்பியிருந்தது. கண் சிவந்திருந்தது. மூக்கு ஒழுகியது. நான்தான் என் முந்தானையால் துடைத்தேன். நெற்றி சுட்டது.

வெயிலில் நடந்து வந்திருப்பான் என்று சொல்லிக்கொண்டேன். மணி அப்போது ஒன்பது.

என் விதி வேலை செய்துவிட்டது என்ற பெருமையில் அட்டெண்டன்சில் அவன் பெயருக்கு நேரே பிரசென்டுக்கான 'பி' போட்டேன். வழக்கமாக நீல மை. அன்று சிவப்பில், கொஞ்சம் பெரிதாகவே போட்டேன். அவனைப் பாயில் பர்வீன் பக்கத்தில் உட்கார வைத்தேன். பர்வீனுக்கு மூன்று வயதுதான். வகுப்பிலேயே சின்னவள். பூந்தமல்லியிலிருந்து புதிதாகக் குடிவந்த தையல்காரர் மகள். யார் அழுதாலும் எழுந்து போய்த் தன் தம்ளர் தண்ணீரைக் கொடுப்பது அவள் வழக்கம். அன்று குமரேசன் மதியம் வரை சிணுங்கிக்கொண்டே இருந்தான். அவளும் கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

மறுநாளிலிருந்து குமரேசன் மறுபடியும் வரவில்லை. இரண்டு வாரம் கழித்து ஒரு காலை மணி அடித்தேன். முப்பத்தொரு பேரில் பதினோரு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

3. வாசல்கள்

அன்றுதான் முதல்முறையாகப் பிள்ளைகளின் வீடுகளுக்குப் போனேன். ஒரு வருடமும் ஒன்பது மாதமும் அந்தத் தெருக்களுக்கு மிக அருகில் வேலை பார்த்திருக்கிறேன். எந்த வீடு யாருடையது என்று எனக்குத் தெரியாது. முனியம்மா முன்னால் நடந்தாள். நான் குடையைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன்.

தெருமுனை திரும்பியதுமே தெரிந்தது. வாசலுக்கு வாசல் வேப்பிலைக் கொத்து. சில கொத்துகள் காய்ந்து சுருண்டிருந்தன, சில அன்று காலை ஒடித்தவை. யாரும் யாரிடமும் எதுவும் சொல்லத் தேவையில்லாதபடி எல்லா வாசலும் சொல்லிக்கொண்டிருந்தன. தட்டம்மை.

"உனக்குத் தெரியும்தானே?" என்றேன் முனியம்மாவிடம்.

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"அத்த வாயால நோவுன்னு சொல்லக் கூடாது டீச்சர். அம்மா வந்துகீறா, அவ்ளோதான். கேக்க வந்தா வாசல்ல பாத்துட்டுப் போவாங்க. நீ அந்தக் கோட்டத் தாண்டி எங்க வந்தே?"

குடையை மடக்கினேன்.

தங்கம் வீட்டு வாசலில் நின்றேன். கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளிருந்தே குரல் வந்தது.

"டீச்சர், உள்ள வராதிய. தண்ணி ஊத்தல இன்னும்."

அம்மை இறங்கிய பின் மூன்றாம் தண்ணீர் தலைக்கு ஊற்றும் வரை வெளியாள் உள்ளே போகக் கூடாது, வீட்டில் தாளிக்கக் கூடாது. நான் வாசலிலேயே நின்று கேட்டேன். "உடம்பு சரியில்லாத பிள்ளைய ஏம்மா அனுப்புனீங்க?"



"மொதல்ல அவன் அக்காவுக்குத்தான் வந்திருந்துச்சு. அதான் இவனயும் அனுப்பாம வச்சிருந்தேன். நீங்க சீட்டு அனுப்புனிய. பேர எடுத்துருவோம்னு சிவப்புல போட்டிருந்திய. இவுக அப்பா ஊர்ல இருந்து வந்து, இந்த வேலைக்குச் சேந்து, புள்ள படிக்கணும்னுதான இங்க கெடக்கோம்னு சத்தம் போட்டாவ. காலைல புள்ள உடம்பு சுட்டுச்சு. தெரிஞ்சேதான் கொண்டாந்து விட்டேன்."

பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "தையக்காரர் வீட்டுப் புள்ளய ஆஸ்பத்திரில சேத்துருக்காவளாமே. நெசமா?"

4. ஆஸ்பத்திரி

நெசம்தான். மற்ற பிள்ளைகள் எல்லாம் ஒரு வாரத்தில் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். பர்வீனுக்கு மட்டும் நெஞ்சுச் சளி கட்டி மூச்சு இழுத்தது. காதில் சீழ் வந்தது. 'இரண்டு நாள் போகட்டும், பார்க்கலாம்' என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னார்கள். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்த எல்லோருக்கும் தெரியும்.

பிள்ளையின் அம்மா நூர்ஜஹான் கட்டிலருகே தரையில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்துகொண்டாள். அந்த மரியாதை என்னை இன்னும் கூனிக் குறுக வைத்தது.

நான் நான்கு ஆரஞ்சுப் பழம் வாங்கிப் போயிருந்தேன். மூச்சுக்கே போராடுகிற பிள்ளைக்கு ஆரஞ்சு. அவற்றை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தேன்.

"டீச்சரம்மா," என்றாள் நூர்ஜஹான், "ஒண்ணு கேக்கட்டா? இவ பக்கத்துல உக்காந்த அந்தப் புள்ளைக்குக் காய்ச்சல் இருந்தது உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். பவுடர் போட்டிருந்தான், தங்கம் மறைத்துவிட்டாள் என்று சொல்லியிருக்கலாம். வரும் வழியில் பஸ்ஸில் அப்படித்தான் யோசித்து வைத்திருந்தேன்.

"தெரியும்," என்றேன். "நெத்தி சுட்டுது. நான்தான் தொட்டுப் பாத்தேன்."

அவள் என்னைத் திட்டவில்லை. அழவும் இல்லை. பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "காலைலேருந்து நான் இங்கேருந்து நகரல. இவங்க அத்தா தையக் கடையத் தொறக்கப் போயிருக்காரு. கொஞ்சம் இருங்க. மூஞ்சி கழுவித் தொழுதுட்டு வர்றேன்," என்றாள். "மூச்சு சத்தம் மாறுனா நர்ஸக் கூப்புடுங்க."

பிள்ளையின் மூச்சை எண்ணிக்கொண்டு முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். 'குடும்பமும் பள்ளியும்' பாடத்தில் நான் வாங்கிய மதிப்பெண் தொண்ணூற்று நான்கு. மூச்சை எண்ண அதில் சொல்லித் தரவில்லை. பள்ளிக்கு விடுமுறை விட்டேன். அடுத்த ஐந்து நாளும் போனேன். நூர்ஜஹான் வீட்டுக்குப் போய்க் குளித்து வரும் வரை அதே இடத்தில் உட்கார்ந்தேன். மூன்றாம் நாள் தங்கத்தின் கணவர் இளநீர்க் குலையோடு வராந்தாவில் நின்றார். உள்ளே வரத் தயங்கி, என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

ஆறாம் நாள் பர்வீன் கண் திறந்து பார்த்து, "தண்ணி," என்றாள்.

5. கூட்டம்

பள்ளியை இரண்டு வாரம் மூடிவைத்துத் திறந்தபோது தாய்மார்களைக் கூட்டத்துக்கு அழைத்தேன். அத்தனை பேரும் வந்தார்கள். வந்து, பழக்கத்தில் கோட்டுக்கு வெளியே நின்றார்கள். உள்ளே வரச் சொன்னேன். யாரும் நகரவில்லை. முனியம்மா ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து கோட்டின் மேல் ஊற்றி, விளக்குமாற்றால் நாலு தேய் தேய்த்தாள். "வாங்கமே, இன்னும் இன்னா பாத்துகினு நிக்கிறீங்க," என்றாள். அதன் பிறகுதான் வந்தார்கள்.

பிள்ளைக்கு அம்மை வந்தால் உடனே எனக்குச் சொல்லிவிட வேண்டும், பெயரை நீக்க மாட்டேன் என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருவர்கூட சொல்ல மாட்டார்கள் என்பது எனக்கே தெரிந்தது. அது வாயால் சொல்லும் விஷயம் இல்லை. லெட்டரில் எழுதும் விஷயம் அறவே இல்லை.

கடைசி வரிசையிலிருந்து நூர்ஜஹான் எழுந்தாள். பர்வீன் அவள் தோளில் சாய்ந்திருந்தாள்.

"எங்க ஊட்லயும் எங்க மாமியா வேப்பிலதான் கட்டுனாங்க. வாயால யாரும் சொல்ல வேணாம். ஊட்டு வாசல்ல கட்றப்ப ஒரு கொத்து இங்க கேட்லயும் கட்டிட்டுப் போங்க. டீச்சரம்மா பாத்துக்குவாங்க."

பிறகு தங்கம் தலை நிமிராமலே கேட்டாள். "எந்தத் தெருன்னு எப்படித் தெரியும்?"

"கேட்ல கம்பி இருக்குதே," என்றாள் முனியம்மா. "மொதக் கம்பி கொளத்துத் தெரு, ரெண்டாவது கம்பி லைன் ஊடு…" அங்கேயே நாலு தெருவுக்கும் நாலு கம்பி பிரித்தார்கள். தெருவுக்கு ஒரு தாய், காலையில் பள்ளி திறக்கும் முன் வந்து பார்ப்பது என்று முடிவானது. வரிசை வீடுகளான லைன் வீட்டுத் தெருவுக்குத் தங்கம். குளத்துத் தெருவுக்கு நூர்ஜஹான். தடுப்பூசி போட வரும் நர்சம்மாவை அந்தந்தத் தெருவுக்குக் கூட்டிப்போவதும் அவர்கள் பொறுப்பு. அதுவரை நர்சம்மாவைக் கண்டதும் கதவைச் சாத்தியவர்கள், தங்கம் போய் நின்றதும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

கூட்டம் முடிந்து போகும்போது தங்கமும் நூர்ஜஹானும் கேட்டருகே எதிரெதிரே வந்துவிட்டார்கள். பர்வீனை வாங்கிக்கொள்ளத் தங்கம் கை நீட்டினாள். நூர்ஜஹான் சற்று யோசித்துவிட்டுக் கொடுத்தாள். லைன் வீட்டு முனை வரை தங்கம்தான் அவளைத் தூக்கிப் போனாள்.

6. இரண்டாவது கம்பி

மறுவருடம் மாசி கடைசியில் ஒரு காலை, இரண்டாவது கம்பியில் ஒரு கொத்து கட்டியிருந்தது. யார் வீடு என்று நான் கேட்கவில்லை. லைன் வீட்டுப் பிள்ளைகள் யாரும் அன்று வரவில்லை. யாருக்கும் சீட்டு போகவில்லை. மற்றத் தெருக்காரர்கள் அந்தத் தெருமுனையில் இளநீரை வைத்துவிட்டு வந்தார்கள். மூன்றாம் தண்ணீர் ஊற்றிய அன்று தங்கமே வந்து கொத்தை அவிழ்த்தாள். அந்த வருடம் நான்கு பிள்ளைகளோடு நின்றது. ஆஸ்பத்திரிக்கு யாரும் போகவில்லை.

மூன்று நாள் விதியை நான் எடுத்துவிடவில்லை. கொஞ்சம் திருத்தினேன். மூன்று நாள் பிள்ளை வராவிட்டால் டீச்சர் வீட்டுக்குப் போக வேண்டும். தொண்ணூறுகளின் கடைசியில் அந்தப் பள்ளியை விட்டு வரும் வரை இதைக் கடைப்பிடித்தேன். நாய்க்குப் பயந்து குடையோடு நான் தெருவில் நடப்பதை அந்த ஊரே பார்த்துச் சிரித்திருக்கிறது. சிரிக்கட்டும். என் பாட்டுக்குச் சிரித்ததைவிட இது பரவாயில்லை.

பர்வீனுக்கு இடது காது கேட்காமலே போனது. எங்களிடம் இருந்த வரை அவளுக்கு வலப்பக்கம் உட்கார்ந்துதான் பாடம் சொன்னேன். இப்போதும் யாராவது என் வலப்பக்கமாக வந்து பேசினால், நானே நகர்ந்து அவர்களுக்கு வலப்பக்கம் வந்துவிடுகிறேன். எதற்கு என்று அவர்களுக்குத் தெரியாது.

புதிதாக வேலைக்கு வரும் டீச்சர்கள் என்னிடம் ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்கிறார்கள். பாட்டைப் பற்றிக் கேட்டால் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அட்டெண்டன்ஸ் பற்றிச் சொல்வேன். என் பள்ளி வாழ்க்கையில் ஆப்சென்டுக்கு ஆயிரக்கணக்கான 'ஏ' போட்டிருக்கிறேன், எதுவும் எந்தப் பிள்ளைக்கும் கெடுதல் செய்ததில்லை. சிவப்பு மையில் பெரிதாகப் போட்ட அந்த ஒரு 'பி'தான் செய்தது. 'பி' போடும் முன் நெற்றியைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால், வெயில் என்று சொல்லிக்கொள்ளும் முன் மணி என்ன என்றும் பாருங்கள்.