பண்டமாரானில் நின்ற லோரி

காலை ஏழு இருபது. அக்கா வீட்டு ஜன்னலைத் திறந்ததும் முதலில் தெரிந்தது ஒரு வெள்ளைக் கார். உள்ளே இரண்டு பேர். அவர்கள் வீட்டைப் பார்க்கவில்லை; மச்சானின் லோரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. நான் தலைநகரில், பிரிக்பீல்ட்ஸில் அறை எடுத்துத் தங்கி, பத்திரிகையில் வேலை பார்த்தேன். சனிக்கிழமை இரவுகளில் பண்டமாரானுக்கு அக்கா வீட்டுக்கு வந்துவிடுவேன். அக்காவின் கணவர் துறைமுகத்தில் சொந்த லோரி ஓட்டினார். கூப்பிட்டவுடன் போகிறவருக்குத்தான் சரக்கு கிடைக்கும். அதனால் அவருக்கு ஹேண்ட்போன் தேவைப்பட்டது.

தொலைபேசி நிறுவனத்தில் இரண்டு வருட ஒப்பந்தம் போட்டால் போன் மலிவு. ஆனால் சம்பளச் சீட்டு கேட்டார்கள். மச்சானிடம் அது இல்லை, என்னிடம் இருந்தது.

"என் பேர்ல போட்டுக்கலாம், மச்சான்."

"மச்சினன் பேர்ல போன் வச்சிக்கிட்டு நான் நம்ம கம்பத்து ஆளுங்க முன்னால நடக்கணுமா? வேணாம் லா."

கிள்ளானில் ஒரு கடைக்காரர் தவணைக்குக் கொடுத்தார். லைனையும் அவரே போட்டுக் கொடுத்தார். லோரியின் உரிமைப் பத்திரத்தை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு, பெயர் மாற்றும் படிவம் ஒன்றில் கையெழுத்து கேட்டார். "சும்மா பேருக்குத்தான், அண்ணே." மச்சான் போட்டார்.

மச்சான் வளர்ந்த ரப்பர் தோட்டத்தில் ரேடியோ, தையல் மெஷின் எல்லாம் தவணையில்தான் வரும். இரண்டு மாதம் கட்டாவிட்டால் தவணைக்காரர் வந்து பொருளைத் தூக்கிக்கொண்டு போவார். அத்தோடு முடிந்தது. அடுத்த வருடம் அதே ஆள் வேறு ரேடியோ கொண்டுவருவார்.

துறைமுகத்தில் சரக்கு குறைந்து தவணை கட்ட முடியாமல் போனபோது மச்சான் போனைத் துணியால் துடைத்து, பெட்டியில் போட்டு, கடைப் பையனிடம் கொடுத்துவிட்டு வந்தார்.

"பத்திரம்?" என்று கேட்டேன்.

"முதலாளி வெளியூராம். வந்ததும் தருவாங்க. பேப்பர்காரன் புத்தி உனக்கு, எதைப் பாத்தாலும் செய்தி."

அதன் பிறகு வாரங்கள் போயின. பத்திரம் வரவில்லை. ஒரு சனிக்கிழமை இரவு வீட்டுத் தொலைபேசி ஒலித்தது. அக்கா எடுத்தாள்.

"லோரி வீட்டுலதானே நிக்குது, அக்கா?" மரியாதையான குரல் என்றாள். சரக்குக்குக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து, ஆமாம் என்று சொல்லியிருந்தாள். மச்சான் சந்தோஷமாகத் தூங்கப் போனார்.

மறுநாள் காலையில்தான் நான் அந்தக் காரைப் பார்த்தேன். மச்சானை எழுப்பினேன். கைலியோடு வெளியே வந்தார். ஒருவன் இறங்கி உரிமைப் பத்திரத்தைக் காட்டினான். அதில் மச்சானின் பெயர் இல்லை.

"போனைத்தான் திருப்பிக் கொடுத்துட்டேனே."

"போன் விஷயம் எங்களுக்குத் தெரியாது, அண்ணே. நாங்க லோரியை வாங்கியிருக்கோம். சாவி குடுங்க."

மச்சான் என்னைப் பார்த்தார். நான் பத்திரத்தை வாங்கி இரண்டு முறை படித்தேன். முத்திரை சரியாக இருந்தது. திருப்பிக் கொடுத்தேன்.

லோரி துறைமுகச் சாலைப் பக்கம் திரும்பியது. இரவில் மழை பெய்திருந்தது. அது நின்ற இடம் மட்டும் காய்ந்திருந்தது.