நாற்பத்தேழாம் எண் மூட்டையின் தகரச் சிப்பாய்

"எல்லாரும் நெஜ ஆளுங்க மாதிரி இருக்காங்க. இவன் மட்டும் ஏன் பொம்மையா இருக்கான்?"

போன வசந்தத்தில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி என்னைக் கேட்ட கேள்வி இது. பள்ளி முடித்து, தலைநகர் தாய்பேய்க்கு எப்போது கிளம்பலாம் என்று நாள் பார்த்துக்கொண்டு, அதுவரை குயி அத்தையின் கடையில் வேர்க்கடலை மிட்டாய் விற்றுக்கொண்டிருந்தேன். மிட்டாயைப் பற்றிக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவள் கேட்டது கடையின் பின்பாதியை அடைத்துக்கொண்டு கண்ணாடிக்குள் இருந்த தெருவைப் பற்றி.

தாய்வானின் கடைக்கோடித் தீவான கின்மென்னில் எங்கள் கடைத்தெரு ஐம்பது வருடத்துக்கு முன் எப்படி இருந்ததோ, அப்படியே அதை அத்தை கட்டியிருந்தார். பதினோரு வருட வேலை. முடிதிருத்தும் கடை, பில்லியர்ட்ஸ் கூடம், நூடுல்ஸ் கடை, துணி வெளுக்கும் கடை. தெரு முழுக்க இருநூற்றுப் பன்னிரண்டு சிப்பாய்கள், ஒவ்வொருவரும் இரண்டு விரற்கணு உயரம். ஒருவன் தலையைச் சாய்த்து நூடுல்ஸை உறிஞ்சுகிறான். இன்னொருவன் பூட்ஸைக் கழற்றிக் கொப்புளத்தைப் பார்க்கிறான். கொடியில் காயும் சட்டைகளுக்கு நேர் கீழே மண் மட்டும் ஈரமாக, கொஞ்சம் கறுத்திருக்கும். அந்த ஈரத்தைத் தொட்டுப் பார்க்கக் கண்ணாடியில் விரலை மோதிக்கொள்ளாதவர்கள் குறைவு.

அத்தையின் முழுப்பெயர் யாங் சியூ-குயி. வயது அறுபது. சிற்பமோ ஓவியமோ யாரிடமும் படித்ததில்லை. அவருடைய அம்மா சிப்பாய்களுக்குத் துணி வெளுத்தார். அத்தை ஆறு வயதிலிருந்து கூடவே துவைத்தார். கழுத்துப்பட்டையில் வியர்வை எந்த நிறத்தில் படியும், பதுங்குகுழி தோண்டுகிறவனின் கால்சட்டை முட்டியில் எப்படி வெளுக்கும், எழுத்தர் வேலை பார்ப்பவனின் சட்டை எந்த முழங்கையில் தேயும் என்பதெல்லாம் அவர் கைக்குத் தெரியும். அலமாரியில் அறுநூறு எழுநூறு பொம்மைச் சிப்பாய்களைச் சேர்த்து வைத்திருந்தார். ஈயம், பிளாஸ்டிக், மரம் என்று எல்லாம் உண்டு. எந்த நாட்டுச் சிப்பாய் பெட்டியில் வந்தாலும் சரி, எங்கள் ஊர்க் கத்தியால் சீவி, மாவு ஒட்டி, சாயம் பூசி, ஒரு வாரத்தில் எங்கள் தீவுச் சிப்பாயாக்கிவிடுவார்.

அப்படிப்பட்ட தெருவின் நட்டநடுவில் ஒரு தகரச் சிப்பாய் நின்றான். நடுவிரல் நீளம். மற்றவர்களைவிட ஒன்றரை மடங்கு உயரம். சாயம் உதிர்ந்து, கையில் முரசு, ஒரு குச்சி உடைந்து போயிருந்தது. அரிசிக்குள் கிடக்கும் கல்லைப் போல, பார்த்தவுடன் அவன்தான் கண்ணில் உறுத்துவான். ஏன் என்று கேட்டால் அத்தை, "அவன் இருக்கட்டும்" என்பார்.

அன்று அந்தச் சிறுமியின் தாத்தாவும் உடன் வந்திருந்தார். ஹங் என்று பெயர். ஐம்பது வருடத்துக்கு முன், இருபத்தொரு வயதில் தாய்வானிலிருந்து இங்கே ராணுவச் சேவைக்கு வந்தவர். பேத்தி பொம்மையைக் கேட்டுக்கொண்டிருக்க, அவர் முடிதிருத்தும் கடைக்குள் குனிந்து பார்த்தார். பிறகு சிரித்தார்.

"அம்மா, எல்லாம் சரி. தேதிதான் தப்பு."

அத்தை கத்தியைக் கீழே வைத்தார். "எந்தத் தேதி?"

"சுவத்துல கிழிக்கிற காலண்டர்ல பதினஞ்சு போட்டிருக்கீங்க. வெளிச்சத்தப் பாத்தா பொழுது சாயற நேரம். ஒத்தை நாள் சாயங்காலத்துல இத்தனை பேரு தெருவுல நின்னா கம்பெனி கமாண்டர் எங்க தோலை உரிச்சு இந்தக் கொடியிலயே காயப் போட்டிருப்பான்!"

நான் இதைக் கவனித்ததே இல்லை. அந்தக் காலத்தில் கடலுக்கு எதிரே, எதிரியின் அக்கரையிலிருந்து ஒற்றைப்படைத் தேதிகளில் மட்டும் குண்டு விழும். இரட்டைப்படைத் தேதியில் விழாது. இருபது வருடம் அப்படி. எங்கள் தீவில் கல்யாணம், சினிமா, கடன் வாங்கல், மாமியார் சண்டை எல்லாமே இரட்டைத் தேதி பார்த்துத்தான் நடந்தன என்று அப்பா சொல்வார்.

அத்தையின் கணவர் சுன் மாமா பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். மூலையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர் தொடையைத் தட்டினார். "மாட்டினியா? சட்டைக்கு எத்தனை பட்டன்னு மூணு மாசம் ஆராய்ச்சி பண்ணுவா, ஐயா. இருநூத்திப் பன்னெண்டு பேருக்கும் காலுறை தைக்காத குறைதான். கடைசியில அம்புட்டு பேரையும் குண்டுல நிறுத்திட்டா பாருங்க!"

"வாயை மூடுங்க மனுஷா," என்றார் அத்தை. ஆனால் குரலில் கோபம் இல்லை. "தேதி தப்பில்ல. அது பதினஞ்சாந் தேதிதான். எங்கம்மா துணிச்சீட்டுல எழுதி வெச்சிருந்தாங்க. தெருதான் தப்பு."

பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து, எங்களிடம் அல்ல, அந்தச் சிறுமியிடம் சொன்னார்.

அவருக்கு அப்போது பத்து வயது. ஒவ்வொரு சிப்பாயின் துணிக்கும் ஓர் எண். கழுத்துப்பட்டைக்கு உள்ளே வெள்ளை நூலில் தைத்திருக்கும். பையில் என்ன கிடைத்தாலும் அதே துணியில் முடிந்து திருப்பிக் கொடுக்க வேண்டும். வெளுக்கும் கடையின் மானமே அதில்தான். நாற்பத்தேழாம் எண் சட்டைப் பையில் இந்தத் தகரச் சிப்பாய் இருந்தான். அத்தைக்குச் சொந்தமாக ஒரு பொம்மையும் கிடையாது. எடுத்து அரிசிப் பானைக்குள் ஒளித்துவிட்டார்.

நாற்பத்தேழு வந்து கேட்டார். நாற்பத்தைந்து வயசு இருக்கும், அக்கரை நாட்டு ஷான்துங் பேச்சு. இரண்டாம் முறையும் வந்தார். "என் பையனோடதும்மா. சின்னக்கல்னு கூப்பிடுவோம். நாலு வயசுல விட்டுட்டு வந்தேன். கெளம்பறப்ப அவன்தான் கையில குடுத்தான், ஒரு குச்சியை ஒடச்சு வெச்சிருந்தான்" என்றாராம். விட்டுவிட்டு வந்த ஊர் அக்கரைக்கு அப்பால். இருபது வருடமாக அந்தப் பக்கம் ஒரு கடிதம்கூடப் போக முடியாது. மூன்றாம் முறை வந்தது பதினைந்தாம் தேதி சாயங்காலம். அத்தையின் அம்மா, "எங்க வீட்டுப் புள்ள பொய் சொல்லாதுங்க" என்று வாசலிலேயே சத்தியம் செய்தார். அத்தையின் கை பாவாடைக்குப் பின்னால் மூடியிருந்தது. பொம்மை அதற்குள் இருந்தது.

"அம்மா என் இன்னொரு கையைப் புடிச்சு வெறி வந்த மாதிரி இழுத்தாங்க. பொய் தெரிஞ்சுபோச்சு, அடிக்கத்தான் இழுக்கறாங்கன்னு அம்பது வருஷமா நெனச்சிட்டிருந்தேன்," என்றார் அத்தை. "ஒத்தை நாளு. பதுங்குகுழிக்கு இழுத்திருக்காங்க. அந்த மனுஷன் குண்டு விழற நேரத்துல, யாருமே இல்லாத தெருவுல, தனியா நடந்து வந்திருக்கார். இதுக்காக."

அடுத்த வாரம் அவருடைய படைப்பிரிவு இடம் மாறிவிட்டது. அவருடைய துணி மூட்டையை வேறு யாரோ வாங்கிப் போனார்கள். பெயரைக் கேட்டு வைக்கவில்லை. பழைய சிப்பாய்கள் தெருவைப் பார்க்க வருவார்கள், யாராவது ஒருவர் இந்தப் பொம்மையை அடையாளம் சொல்வார்கள் என்றுதான் இத்தனையும் கட்டியிருக்கிறார். சுன் மாமாவுக்கே அன்றுதான் தெரியும். தேநீர்க் கோப்பையை வைத்தவர் மறுபடி எடுக்கவில்லை.

மறுநாள் காலை அத்தை தெருவை மூடியிருந்த கண்ணாடியைக் கழற்றினார். ஒவ்வொரு சிப்பாயின் பாதத்திலும் ஒரு கம்பி முள். அதுதான் அவனைத் தெருவில் நிறுத்தி வைத்திருந்தது. சாமணத்தால் பிடித்து, ஒவ்வொருவராகப் பிடுங்கி எடுத்தார். நூடுல்ஸ் தின்றவன், கொப்புளம் பார்த்தவன், எல்லாரும். பஞ்சு விரித்த தட்டில் அவர்களைப் படுக்க வைத்தபோது ஒருவனைத் திருப்பிப் பார்த்தேன். கழுத்துப்பட்டைக்குள் ஏதோ வெள்ளைப் புள்ளி. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். எண் இருந்தது. நூற்று மூன்று. அடுத்தவனுக்கு அறுபத்தொன்பது. எல்லாருக்கும் இருந்தது. எந்தப் பார்வையாளனும் ஒருநாளும் பார்க்க முடியாத இடத்தில், ஒற்றை முடித் தூரிகையால், இருநூற்றுப் பன்னிரண்டு எண்கள். நான் எழுந்து வெளியே போய்க் கடற்காற்றில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

மாலைக்குள் தெரு காலியாகிவிட்டது. தரை முழுக்க ஊசித் துளைகள்.

"கொஞ்சம் மாவு வெச்சு அடைச்சிரலாமா?" என்றார் சுன் மாமா. நான் கேட்டதிலேயே மிக மெதுவாக அவர் பேசியது அன்றுதான்.

"வேண்டாங்க. நாளைக்கு ரெட்டை நாளு. திரும்பி வருவாங்க இல்ல, நிக்கறதுக்கு எடம் வேணுமே."

பிறகு மூன்று நாள் எடுத்து மூன்று பேரை மட்டும் செய்தார். கொடியில் யாரும் எடுக்காத சட்டைகள். பில்லியர்ட்ஸ் மேசையில் பாதி ஆட்டம். நூடுல்ஸ் கிண்ணம் அப்படியே இருந்தது. வெளுக்கும் கடை வாசலில் ஒரே ஒரு சிப்பாய், தொப்பியைக் கழற்றி, கையை நீட்டி நிற்கிறார். அம்மா பெண்ணின் கையைப் பிடித்து இழுக்கிறார். பெண்ணின் மற்றொரு கை முதுகுக்குப் பின்னால். சுற்றிப் போய்ப் பின்பக்கம் குனிந்தால் மூடிய விரல்களுக்கு இடையே கடுகில் பாதி அளவு தகரம் மின்னும்.

இருநூறு பேர் நின்றபோது அது நல்ல வேலையாக இருந்தது. ஒருவர் நின்றபோது அது அந்தச் சாயங்காலமாகவே இருந்தது. குண்டு எதுவும் இல்லை, புகை இல்லை. ஆனாலும் தலைக்கு மேலே ஏதோ வரப்போகிறது என்று என் தோள்கள் தாமாகவே ஒடுங்கின.

நிஜத் தகரச் சிப்பாயைத் தெருவிலிருந்து எடுத்து, கண்ணாடிக்கு வெளியே, பழைய காக்கித் துணித் துண்டின் மேல் வைத்தார். துணியின் ஓரத்தில் வெள்ளை நூலில் நாற்பத்தேழு என்று தைத்திருந்தார். முடிந்து கொடுக்கத் தயாராக.

ஹங் ஐயா ஊருக்குக் கிளம்பும் முன் பேத்தியோடு வந்தார். சிறுமி இந்த முறை நேராகப் பின்பக்கம் போய்க் குனிந்தாள். அவர் வெகுநேரம் குனிந்து பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"இந்தத் தெருவுக்கு அடியில இருந்த குழிக்குள்ளதான் நான் குந்தியிருந்திருப்பேன்," என்றார். "மேல ஒருத்தன் நடந்து போனது தெரியாமலே." தன் பழைய நண்பர்கள் எல்லாரையும் கேட்பதாகச் சொல்லிப் போனார். கேட்டார். இதுவரை ஒருவருக்கும் தெரியவில்லை.

நான் அடுத்த மாதம் தாய்பேய்க்குப் போகிறேன். போவதற்கு முன் இதை எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது. நாற்பத்தேழு உயிரோடு இருந்தால் தொண்ணூறு தாண்டியிருக்கும், அநேகமாக இருக்கமாட்டார். ஆனால் அவர் மகனுக்கு எழுபதுக்கு மேல்தான் ஆகியிருக்கும். ஷான்துங்கில் பிறந்தவர். வீட்டில் சின்னக்கல் என்று கூப்பிட்டார்கள். நான்கு வயதில் அவரிடம் முரசு கொட்டும் ஒரு தகரச் சிப்பாய் இருந்தது. அதை அப்பாவிடம் கொடுத்தனுப்பினார். எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அந்தப் பொம்மையை அவர் கையில் கொடுக்காமல் அத்தைக்கு அந்த வாசலைவிட்டு நகர முடியாது.

ஒரு கதை யார் வாய் வழியாக எந்த ஊருக்குப் போகும் என்று யாருக்கும் தெரியாது. அதனால், இதைப் படித்தவர்கள் யாரிடமாவது சொல்லுங்கள். அவர்களையும் இன்னொருவரிடம் சொல்லச் சொல்லுங்கள்.

சொல்லும்போது அந்த உடைந்த குச்சியை மட்டும் விட்டுவிடாதீர்கள். அவர் அதை வைத்துத்தான் கண்டுபிடிப்பார்.