மோட்டார் ரூமிலிருந்து வந்த பெட்டி

நான் செய்த ப்ரீஆம்ப் எல்லாம் ஆரம்பத்தில் யாரோ தின்று தீர்த்த டப்பாக்களில்தான் குடியிருந்தன. பிஸ்கட் டின், நெய் டின், பால்பவுடர் வந்த டப்பா. வெள்ளகோவிலில் எண்ணெய் மில்லில் மூட்டை தூக்கிய நாட்களில் பெரிய எண்ணெய் டின் ஒன்றை வெட்டி மடித்து ஒன்று செய்தேன். எத்தனை முறை கழுவியும், சூடேறினால் அதிலிருந்து கடலை எண்ணெய் வாசம் வரும். கேட்டவர்களுக்கு முறுக்கு ஞாபகம் வந்திருக்கலாம். ஆனால் சத்தம் சுத்தமாக இருந்தது.

இந்த வேலை தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மைக்கிலிருந்து வரும் சத்தம் மிகவும் சின்னது. பெரிய ஆம்ப்ளிஃபயருக்கு அது போதாது. இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து, அந்தச் சின்னச் சத்தத்தைக் கெடுக்காமல் தூக்கிக் கொடுப்பதுதான் ப்ரீஆம்ப். சில டிரான்சிஸ்டர்கள், ஒரு கைப்பிடி ரெசிஸ்டரும் கண்டன்சரும் இருந்தால் பலகையில் ஆணியடித்துக்கூடச் செய்துவிடலாம். அதற்கு வீடு தேடுவதுதான் பாடு. பக்கத்தில் ஓடும் கரண்ட், டியூப் லைட், சீரியல் செட் விளக்கு எல்லாவற்றின் இரைச்சலும் அந்தச் சின்னச் சத்தத்தின் முதுகில் ஏறிக்கொண்டு ‘ம்ம்ம்’ என்று ஸ்பீக்கரில் வரும். நாங்கள் அதை ஹம்மிங் என்போம். நல்ல இரும்புப் பெட்டிக்குள் வைத்து, பெட்டியை எர்த்தோடு சேர்த்துவிட்டால் ஹம்மிங் வாசலிலேயே நின்றுவிடும்.

நான் எட்டாவதைத் தாண்டவில்லை. லாரி கிளீனர், நூல் மில், டயர் பட்டறை, பேக்கரி என்று ஓடிக்கொண்டே இருந்தேன். ஓர் இடத்தில் சாப்பாடு சரியில்லை, இன்னோர் இடத்தில் படுக்க இடமில்லை, சில இடங்களில் காரணமே இல்லை. சாலிடர் வைக்கப் பழகியது மைக்செட் கடைகளில் எடுபிடியாக நின்றபோது. மீதியெல்லாம் போனில் வீடியோ பார்த்துப் பழகியது. கடைசியாகத் துடியலூரில் ஒரு மைக்செட் கடையின் குடோனில் ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு நடுவே பாய் விரித்திருந்தேன். மழை பெய்தால் ஒரு மூலை ஒழுகும். பெட்டிகளைத் தள்ளி வைத்துவிட்டு நானும் தள்ளிப் படுப்பேன்.

அங்கிருந்துதான் அன்னூருக்கு அந்தப் பக்கம் ஓர் ஊரில் கும்மி ஒத்திகைக்கு மைக்செட்டோடு என்னை அனுப்பினார்கள். ஊர் நோம்பிக்கு, அதாவது கோயில் திருவிழாவுக்கு, ஒரு மாதம் இருந்தது. மாரியம்மன் கோயில் முன்னால் களத்தில் பெண்கள் வட்டம் வட்டமாக நின்றார்கள். நடுவில் பாடிக்கொண்டிருந்த அக்கா ஒருத்திதான் அத்தனை பேருக்கும் கும்மி பழக்கியவர். பகலில் தோட்டத்தில் வாழைக்குத் தண்ணீர் கட்டிவிட்டு, பொழுதானால் களத்துக்கு வந்துவிடுவார். அவர் வாய் அசைவது தெரிந்தது. பாட்டு கேட்கவில்லை. நான் மைக் ஒயரைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன்.

“ஒயர் நல்லாத்தானுங்க இருக்குது. தொண்டதான் ரிப்பேரு” என்றார் அவர். கழுத்தின் கீழே வெள்ளைக் கோடாக ஒரு தழும்பு. தைராய்டு ஆபரேஷன் ஆகி ஒரு வருஷம். அதற்குப் பிறகு குரல் திரும்பி வந்தது, ஆனால் காற்று கலந்து, பாதியாக வந்தது. கத்திப் பாடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அவருடைய வீட்டுக்காரர் டிவிஎஸ் ஃபிஃப்டியில் சாய்ந்துகொண்டு நின்றிருந்தார். “சத்தம் போனதுல எனக்குத்தானுங்க தம்பி லாபம். ஊட்ல ஒரே அமைதி.”

“திட்டறதுக்குச் சத்தம் எதுக்குங்க? கண்ணு இருக்குதல்ல” என்றார் அக்கா, அவர் பக்கம் திரும்பாமலே.

அன்று அவர் குரலுக்காக ஆம்ப்ளிஃபயரைக் கூட்டினேன். ஸ்பீக்கர் ஊளையிட்டது. குறைத்தேன். பாட்டு போய்விட்டது. நோம்பிக் கமிட்டித் தலைவர், ஹாலோ பிளாக் கம்பெனி வைத்திருப்பவர், பார்த்துக்கொண்டே இருந்தார். கெட்ட மனிதர் இல்லை. ஊரே பார்க்கப்போகும் ஆட்டம் கெட்டுவிடக் கூடாது என்ற கவலை அவருக்கு.

“ஏனுங் அம்மணி, பக்கத்தூர்ல எல்லாம் பென் டிரைவுதான். சொருகிவுட்டா அதும்பாட்டுக்குப் பாடிட்டுப் போகுது. நீங்க எதுக்குத் தொண்டயப் போட்டு வருத்திக்கறீங்க?”

“அதும்பாட்டுக்குப் பாடிட்டுப் போகுமுங்க. நின்னு பாக்காதுங்களே” என்றார் அக்கா.

அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. மறுநாள் ஒத்திகையில் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தபோதுதான் பார்த்தேன். அவர் யாருடைய முகத்தையும் பார்த்துப் பாடவில்லை. கால்களைப் பார்த்துப் பாடினார். வெளி வட்டத்தில் நின்றவர்களில் பலர் நூல் மில்லில் ஷிப்ட் முடிந்து வந்தவர்கள். நாளெல்லாம் நின்ற கால்கள். நூல் மில்லில் நானும் நின்றிருக்கிறேன். ஷிப்ட் முடிந்ததும் பாதம் எப்படி இருக்கும் என்று தெரியும். அந்தக் கால்கள் ஓர் அடி பிந்தும்போது அக்கா வரியின் கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழுப்பார். இழுக்கிறார் என்றே தெரியாது. கால்கள் வந்து சேர்ந்ததும் பாட்டு மறுபடி வேகம் பிடிக்கும். யாரும் தப்பாக ஆடியதாகவே தோன்றாது. எத்தனையோ ஊர் மேடைக்கு மைக் கட்டியிருக்கிறேன். ஆடுகிறவருக்காகப் பாட்டு காத்து நிற்பதை அன்றுதான் பார்த்தேன்.

குடோனுக்கு வந்ததும் அந்தக் குரலுக்கென்று ஒரு ப்ரீஆம்ப் செய்ய ஆரம்பித்தேன். யாரும் கேட்கவில்லை. கடைக்காரரிடம் சொன்னதற்கு, “சோத்துக்கு வழியப் பாரு” என்றார். சோறு அது பாட்டுக்கு வந்துகொண்டுதான் இருந்தது. குரலில் காற்று கலந்த பகுதியைத் தணித்து, நடுப்பகுதியைத் தூக்கி, அடியில் வரும் திம் திம் சத்தத்தை வெட்டி, மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். பலகையோடு தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். களத்தில் மாட்டி, மைக்கை அவர் வாயருகே பிடிக்கச் சொன்னேன்.

“ஏலே” என்று ஒரு சொல்தான் பாடினார். கோயில் மதில் ஓரம் நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். குரல் பெரிதாகவில்லை. பக்கத்தில் வந்து நின்றுகொண்டு பாடுவதுபோல் இருந்தது. அக்கா மைக்கைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து அதையே பார்த்தார். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

அதோடு ஹம்மிங்கும் வந்தது. கோயிலுக்குக் கட்டியிருந்த சீரியல் செட்டைப் போட்டதும் பாட்டுக்கு அடியில் ஒரு வண்டு விடாமல் பறந்தது.

கமிட்டித் தலைவர் காதைத் தடவினார். “வெள்ளிக்கெழம முழு ஒத்திக. ஊரே வந்து நிக்கும். அன்னிக்குத் தெளிவா வந்தா அம்மணி பாடட்டும். இல்லீனா பென் டிரைவு. செரிங்களா?”

“செரிங்க” என்றார் அக்கா.

டப்பா வேட்டை ஆரம்பித்தது. பிஸ்கட் டின் மெல்லிசு. தட்டினால் அதுவே மைக் ஆகிவிடும். அக்கா வீட்டுச் சமையலறையில் எவர்சில்வர் சம்படம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். டிரில் அதில் இறங்கவே இல்லை, பளபளப்பில் வழுக்கிக்கொண்டு ஓடியது. “அது என்ற கல்யாணத்துச் சம்படம், அதுக்கு ரோசமுங்க” என்றார். அவர்கள் தோட்டத்து மோட்டார் ரூமில் கை கழுவப் போனபோதுதான் சுவரில் அதைப் பார்த்தேன். பழைய மோட்டாருக்கு வைத்திருந்த ஸ்டார்ட்டர் பெட்டி. புது மோட்டாருக்குப் புதுப் பெட்டி வந்த பிறகு கழற்றாமல் விட்டிருந்தார்கள். கெட்டியான இரும்புத் தகடு, கீல் போட்ட மூடி, முன்னால் பச்சைப் பட்டனுக்கும் சிவப்புப் பட்டனுக்கும் இரண்டு ஓட்டைகள். விரலால் சுண்டினேன். ‘டொக்’ என்று செத்த சத்தம். எனக்கு வேண்டியது அதுதான்.

உள்ளே குளவி மண்கூடு கட்டியிருந்தது. பல்லி முட்டையும் இருந்தது. எல்லாவற்றையும் வழித்தெடுத்து, துருவைத் தேய்த்துவிட்டு, போர்டை உள்ளே பொருத்தினேன். டிரான்ஸ்ஃபார்மரை மட்டும் தனி டப்பாவில் தூரமாக வைத்தேன். பச்சைப் பட்டன் இருந்த ஓட்டையில் சுவிட்ச், சிவப்பில் வால்யூம். சீரியல் செட்டைப் போடச் சொல்லிக் கேட்டேன். வண்டு செத்துவிட்டது.

வீட்டுக்காரர் பெட்டியைச் சுற்றி வந்தார். “பச்சைய அமுக்குனா பாட்டு வருமுங்களா, தண்ணி வருமுங்களா?”

“ரெண்டும் வராம இருந்ததுக்கு ஒண்ணு வருதல்லங்க” என்றார் அக்கா.

அந்தப் பெட்டியின்மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்திருந்தது. வெயிலும் மழையும் தவளையும் பார்த்தது. எத்தனையோ வருஷம் கிணற்றடியில் கரண்டைத் தாங்கி நின்றது. ஆனால் பார்க்க அசிங்கம்தான். மேடைக்கு முன்னால் சாமிக்கு நேராக இதையா வைப்பது என்று வீட்டுக்காரருக்கு மனசு கேட்கவில்லை. அவருடைய மச்சினன் கோயமுத்தூரில், இரும்புச் சாமானுக்குச் சூட்டில் பெயிண்ட் ஏற்றும் பவுடர் கோட்டிங் பட்டறையில் இருந்தார். நான் போர்டைக் கழற்றி எடுத்துவிட்டு வெறும் பெட்டியைக் கொடுத்தேன். வீட்டுக்காரர் அதை டிவிஎஸ்ஸில் கட்டிக்கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமை மதியம் பெட்டி திரும்பி வந்தது. எனக்கே அடையாளம் தெரியவில்லை. கும்மிக்கு எடுத்திருந்த சேலையின் அதே அரக்கு நிறம். முட்டை ஓடு போல வழவழப்பு. “உள்ள வெளிய ஒரு எடம் உடாம அடிக்கச் சொல்லிப்போட்டேனுங்க” என்றார் வீட்டுக்காரர் பெருமையாக. திருநீறு, சந்தனம், குங்குமம் வைத்தார்கள். நான் அவசரமாக எல்லாவற்றையும் உள்ளே பூட்டி முடிக்கும்போது களத்தில் கூட்டம் சேர்ந்துவிட்டது.

சுவிட்சைப் போட்டேன். ‘ம்ம்ம்ம்’ என்று வந்தது. முன்னைவிட மோசம். ஒரு கூடு வண்டு.

களத்தில் யாரோ சிரித்தார்கள். நான் ஒயர்களை அசைத்தேன், டிரான்ஸ்ஃபார்மரை இன்னும் தள்ளினேன், சீரியல் செட்டை நிறுத்தச் சொன்னேன். குறையவில்லை. தலைவர் சட்டைப் பையிலிருந்து பென் டிரைவை எடுத்துவிட்டார்.

“வெசனப்படாதீங்க அம்மணி. இத வெச்சு இன்னிக்கு ஓட்டிக்கலாம்.”

அக்கா அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். திட்டும் கண் இல்லை அது. வேலை எங்கே நிற்கிறது என்று கேட்கும் கண். நான் என்ன செய்வதென்று தெரியாமல் உள்ளங்கையைப் பெட்டியின் மூடிமேல் வைத்தேன். ஹம்மிங் இறங்கியது. எடுத்தேன், ஏறியது. மறுபடி வைத்தேன், இறங்கியது.

பெயிண்ட்தான். பவுடர் கோட்டிங் கரண்டைக் கடத்தாது. மூடி பெட்டியைத் தொடவில்லை, எர்த் போல்ட்டும் பெட்டியைத் தொடவில்லை. எல்லாம் அந்த வழவழப்பின்மேல் உட்கார்ந்திருந்தன. பார்வைக்கு ஒரே பெட்டி. உண்மையில் ஒன்றோடொன்று பேசாத தகடுகள். போல்ட் உட்காரும் இடத்திலும் மூடி வந்து சேரும் விளிம்பிலும் இரும்பு தெரியும்வரை சுரண்ட வேண்டும் என்றேன்.

வீட்டுக்காரர் பதறிப்போனார். “ஐயோ தம்பி, இன்னிக்குத்தானுங்க அடிச்சு வந்துச்சு! புதுப்பொண்ணு மொகத்தக் கீறற மாதிரி இருக்குமுங்க!”

எனக்கும் கை வரவில்லை. அத்தனை அழகான பெட்டி அதுவரை என் கைக்கு வந்ததில்லை. அக்கா குனிந்து என் பையிலிருந்து அரத்தை எடுத்தார்.

“என்ற தொண்டயவே அறுத்துத் தெச்சாங்க. டப்பாவுக்கு என்னங்க கேடு? எங்க சொரண்டோணும், காட்டுங்க தம்பி.”

காட்டினேன். அவர் மடியில் பெட்டியைப் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். வாழைக்கு மண் அணைத்த கை. நாலு இழுப்பில் அரக்கு நிறம் பொடியாகக் கொட்டியது, இரும்பு வெள்ளையாகத் தெரிந்தது. விளிம்பு முழுக்க ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். வீட்டுக்காரர் ஒவ்வோர் இழுப்புக்கும் ‘ஸ்ஸ்’ என்றார். கும்மிச் சேலை கட்டிய பெண்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். தலைவர் பென் டிரைவைக் கையிலேயே வைத்திருந்தார்.

போல்ட்டை இறுக்கினேன். மூடியைச் சாத்தித் திருகினேன். சுவிட்ச்.

ஒன்றும் கேட்கவில்லை. செட் போய்விட்டது என்றே நினைத்துவிட்டேன். பிறகு ஸ்பீக்கரில் வளையல் சத்தம் வந்தது. அக்கா மைக்கைக் கையில் எடுத்திருந்தார்.

நோம்பியன்று மில் பெண்களை ஏற்றி வரும் வண்டி நேரம் கழித்துத்தான் வந்தது. ஆட்டம் பாதியில் இருக்கும்போது அந்தப் பெண்கள் ஓடி வந்து வெளி வட்டத்தில் சேர்ந்தார்கள். சிலருடைய முடியில் பஞ்சு இருந்தது. சேர்ந்த உடனே அடி பிந்தியது. பாட்டு இழுபட்டது, நின்று பார்த்தது, அவர்களைக் கூட்டிக்கொண்டு கிளம்பியது. கோயில் மதிலுக்கு அந்தப் பக்கம் பலூன் விற்றவரும் தலையாட்டிக்கொண்டிருந்தார். விளிம்பெல்லாம் உரிந்த அரக்குப் பெட்டி சாமிக்கு நேராக இருந்தது. எனக்கு அதைத் தொடும் தேவையே வரவில்லை.

ஆட்டம் முடிந்ததும் தலைவர் போனை நீட்டிக்கொண்டு வந்தார். முழுவதையும் ரெக்கார்டு செய்திருந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

“என்னமா வந்திருக்குது பாருங்க அம்மணி! இதப் பென் டிரைவுல ஏத்திப்போட்டா அடுத்த வருசத்துக்கும் ஆச்சு!”

அக்கா வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தார். டம்ளரை இறக்கினார்.

“ஏத்துங்க, நல்லா ஏத்துங்க. ஆனா இது இன்னிக்கு வண்டி லேட்டா வந்த காலுக்குப் பாடுனதுங்க. அடுத்த வருசம் வண்டி எப்ப வருதோ, யாருக்குத் தெரியும்?”

தலைவர் போனையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு போனைப் பையில் போட்டுக்கொண்டு என்னிடம் வந்து, அடுத்த வருஷமும் அந்தப் பெட்டியோடு நானே வர முடியுமா என்று கேட்டார். அடுத்த வருஷம் நான் எந்த ஊரில் இருப்பேன் என்று எனக்கே தெரியாது. பெட்டி இங்கேயே இருக்கும் என்றேன்.